மேசைமேல் விரியும் மாயபூமி

பிரஷிய மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியத்தின் அரண்மனைக்கு 1812ஆம் ஆண்டில் ஒரு விசித்திரமான மேசை வந்து சேர்ந்தது. அதன் இழுப்பறைகளைத் திறந்தால், மலைச்சரிவையும் நதிவளைவையும் சாலையையும் கிராமத்தையும் புடைப்பாக அமைத்து வர்ணம் தீட்டிய சிறுசிறு சதுர ஓடுகள் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றை வேண்டியவாறு சேர்த்துப் பரப்பினால், இன்று ஒரு சமவெளியாகவும் நாளை ஒரு கணவாயாகவும் மறுநாள் ஒரு சதுப்புநிலமாகவும், ஒரே மேசை பல தேசங்களாக மாறியது. யுத்த தந்திரத்தை விளையாட்டின் வாயிலாகப் பயிற்றுவிக்க விரும்பி அதைச் செய்து அளித்தவர் ரைஸ்விட்ஸ் என்னும் பிரபு. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் அவருடைய புதல்வர் அவ்விளையாட்டைத் திருத்தி, ஓடுகளை விலக்கிவிட்டு, 8,000இல் ஒரு பங்கு அளவில் வரைந்த நிலப்படங்களின்மேல் ஆடும்படி செய்தபோது, சேனாதிபதிகளுக்கு அது பேருபகாரமாயிற்று. ஆனால் அந்தக் குட்டி மலைகள் விளையாட்டிலிருந்து மறைந்துபோயின.

நிலத்தைச் சிறிதாக்கிக் காணவேண்டும் என்னும் ஆசை அதற்கு முன்னரும் அரசர்களுக்கு இருந்தது. பிரான்ஸ் தேசத்துப் பதினான்காம் லூயி மன்னர், தம் மந்திரி லூவாவின் யோசனைப்படி, 1668 முதலாகக் கோட்டை நகரங்களையும் அவற்றைச் சூழ்ந்த வயல்களையும் மரத்தாலும் காகிதக்கூழாலும் பட்டாலும் சிற்றுருவாகச் செய்வித்தார். 600இல் ஒரு பங்கு என்பது அவற்றின் வழக்கமான அளவு. அவ்வரிசையிற் பல இன்றும் பாரிஸ் நகரத்து இன்வலீட் மாளிகையில் உள்ளன. இந்த இன்பம் அரண்மனையை விட்டுச் சாமானியரின் வீட்டிற்கு வந்த கதை அதைவிடச் சுவையானது. விஞ்ஞானக் கற்பனைக் கதைகளால் புகழ்பெற்ற எச். ஜி. வெல்ஸ், 1913ஆம் ஆண்டில் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற சிறு நூலை வெளியிட்டு, பொம்மைச் சிப்பாய்களையும் மரக்கட்டை வீடுகளையும் தரையில் பரப்பி ஆடுவதற்கு விதி வகுத்தார். 1971இல், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் ஆகிய இருவர் எழுதிய ‘செயின்மெயில்’ என்ற விதிநூலின் பிற்பகுதியில், வாளேந்திய வீரர்களோடு டிராகன்களும் மந்திரவாதிகளும் புகுந்தனர். கைகாக்ஸின் வீட்டு நிலவறையில் ஒரு மணல்மேசை இருந்தது. அவர்களுடைய கற்பனைப் படைகள் அதன்மேல்தான் அணிவகுத்தன. 1983இல் இங்கிலாந்தில் ‘வார்ஹாமர்’ வெளிவந்தபின், ஊதாப் பாறையும் பவளநிறப் புல்லும் ஒளிவீசும் காளானும் கொண்ட அற்புத உலகங்களைக் கையாலேயே செய்து மேசைமேல் விரிப்பது தனியொரு கலையாக வளர்ந்துவிட்டது.

ஆறடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள ஒரு மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டடிச் சதுரப் பலகைகள் ஆறு சேர்ந்து அதை நிறைக்கின்றன. அதன்மேல் நடமாடும் வீரர்களின் உயரம், பாதத்திலிருந்து கண்வரை அளந்தால், சுமார் 28 மில்லிமீட்டர். ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு என்னும் பிரமாணம் இது; ஆகையால் அந்த மேசை 110 மீட்டர் நீளமும் 73 மீட்டர் அகலமும் உள்ள ஒரு நிலத்துண்டு. இதைச் செய்பவன் எதிர்கொள்ளும் கேள்வி பார்வைக்கு எளியது: உலகத்தை அறுபதில் ஒன்றாகச் சுருக்கினால் எவையெல்லாம் உடன்பட்டுச் சுருங்கும், எவை மறுத்து நிற்கும்? கல்லும் சரிவும் கிளையும் உடன்படுகின்றன. நீரும் ஒளியும் மறுக்கின்றன. பொருளின் வலிமையோ நாம் கேட்டதற்கு மேலாகவே உதவுகிறது. இந்த மூன்று விதமான நடத்தைக்கும் பௌதிக சாஸ்திரத்தில் திட்டமான காரணங்கள் உள்ளன. பலகை செய்பவனின் கைவேலை முழுவதும், அவன் அறிந்தோ அறியாமலோ, அக்காரணங்களைச் சார்ந்தே நடைபெறுகிறது.

முதலில் கண்ணைப் பற்றிச் சிறிது. ஆரோக்கியமான மனிதக் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கிற்குக் குறைந்த கோணத்தில் அமைந்த இரு புள்ளிகளைப் பிரித்தறியமாட்டாது. அதாவது ஒரு மீட்டர் தூரத்தில் 0.3 மில்லிமீட்டருக்குக் குறைந்த நுட்பம் எதுவும் அதற்குப் புலப்படாது. மேசையருகே நின்று அந்தத் தூரத்திலிருந்து நம் வீரனைக் காண்பது, திறந்த மைதானத்தில் 60 மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு மனிதனைக் காண்பதற்குச் சமம். ஐந்து மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புல்லிதழை நேர்மையாக அறுபதில் ஒரு பங்காக்கினால், அது 0.08 மில்லிமீட்டராகிக் கண்ணிலிருந்து மறைந்துவிடும். செங்கற்களின் இடைச்சாந்தும், பலகைகளின் இடுக்கும் அவ்வாறே மறையும். ஆகவேதான் இத்துறையின் சிற்பிகள் முகத்தையும் கையையும் வாளையும் அளவுக்கு மீறிப் பருமனாக்குகிறார்கள். சுவர் கட்டுபவர் கல்லிடுக்கை அகலமாகவே கீறுகிறார்.

இனிப் பாறைக்கு வருவோம். இக்கலையில் எனக்கு மிகவும் பிரியமான பகுதி இதுவே. பூகர்ப்ப சாஸ்திரிகள் ஒரு பாறைமுகத்தைப் புகைப்படம் எடுக்கும்போது அதன் பக்கத்தில் ஒரு சுத்தியலையோ நாணயத்தையோ வைப்பது வழக்கம். வைக்காவிட்டால், படத்தில் இருப்பது நூறடி உயரமுள்ள மலைமுகமா, உள்ளங்கையில் அடங்கும் கல்லா என்பது பல சமயங்களில் அவர்களுக்கே விளங்காது. பெரிய பிளவிற்குள் சிறிய பிளவும், அதற்குள் அதனினும் சிறிய பிளவும், ஒரே சாயலில் அமைந்திருப்பதே இதற்குக் காரணம். 1967ஆம் ஆண்டில் பெனுவா மாண்டல்பிராட் என்னும் கணித மேதை, பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்ற கேள்வியை எழுப்பி, அளவுகோல் சிறிதாகச் சிறிதாகக் கரையின் நீளம் கூடிக்கொண்டே போகும் என்று எடுத்துக்காட்டினார். ஏனெனில் பெரிய வளைகுடாவிலிருந்து சிறிய பாறைமுனைவரை ஒவ்வோர் அளவிலும் கரை அதே விதமாகவே நெளிந்துகொண்டிருக்கிறது. இத்தகைய தன்னையொத்த உருவங்களுக்கு அவர் பிற்பாடு பிராக்டல் என்று பெயரிட்டார். பாறை விரிசலைத் தோற்றுவிக்கும் விசைக்கு, ஒரு பரந்த எல்லைக்குள், இந்த அளவில்தான் பிளப்பேன் என்ற பிடிவாதம் கிடையாது. அதனால்தான் ஆற்றங்கரையில் பொறுக்கிய ஒரு கருங்கல் சில்லை மேசைமேல் நிமிர்த்தி நாட்டி, அதன் அடியில் 28 மில்லிமீட்டர் வீரனை நிறுத்திய மாத்திரத்தில், அந்தச் சில் மலையாகிவிடுகிறது.

பைன் மரத்தின் தடித்த பட்டையும் அவ்வாறே மலைமுகமாக நிற்கும். உள்ளே தண்டு பருத்துவர, வெளியே உயிரற்ற பட்டை நீள இயலாமல் இழுவிசையால் வெடிக்கிறது. இழுவிசையால் வெடித்த பாறையின் சாயல் அதற்கு வருவதில் வியப்பில்லை. இவற்றினும் எனக்கு வியப்பளிப்பது வேறொரு தந்திரம். சமையலறையில் உணவு பொதியும் அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, மெத்தென்ற நுரைப்பலகையின்மேல் திருப்பித் திருப்பி அழுத்தினால், ஒரு நிமிஷத்தில் அப்பலகை கரடுமுரடான கற்பாறையாகிவிடுகிறது. கசங்கிய தாளின் மடிப்புகளிலும் பெரியவை சில, நடுத்தரமானவை பல, சிறியவை எண்ணற்றவை என்னும் அந்த அடுக்கமைப்பே இருப்பதால், கண் அதைக் கல்லென்றே ஏற்றுக்கொள்கிறது. அனுபவசாலிகள் மற்றொன்றிலும் கவனமாக இருப்பார்கள்: படிவுப் பாறைகளைக் காட்டும்போது, அடுக்குகள் எல்லாம் மேசை முழுதும் ஒரே திசையில் ஒரே சாய்வாகச் செல்லவேண்டும். ஒரு குன்றின் அடுக்கு கிழக்கே சாய, அதையடுத்த குன்றின் அடுக்கு மேற்கே சாய்ந்தால், பார்ப்பவர் பூகர்ப்ப சாஸ்திரம் அறியாதவராயினும் ஏதோ பொருந்தவில்லை என்று உணர்வார்.

மலையடிவாரத்துச் சரளைச் சரிவும் நம்மோடு ஒத்துழைக்கிறது. உலர்ந்த மணலைக் குவித்தால், ஏறக்குறைய 34 பாகைச் சாய்வில் அது நிலைகொள்ளும். அதற்குமேல் சரிந்து விழும். இந்தக் கோணம் துகள்களின் முனைகளையும் உராய்வையும் பொறுத்ததேயன்றி, அவற்றின் பருமனைப் பெரிதும் சார்ந்ததன்று; ஆகையால் மலைச்சரிவில் பாறைத்துண்டுகள் எந்தக் கோணத்தில் கிடக்கின்றனவோ, ஏறக்குறைய அதே கோணத்தில் நம் மேசையில் மணலும் கிடக்கும். சரளையைக் கையால் அடுக்காமல், மேலிருந்து தூவி, தானாக விழுந்த இடத்திலேயே பசைநீர் தெளித்து நிலைநிறுத்துவதே உத்தமம். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. மாவைப் போன்ற மிக நுண்ணிய தூளில் துகள்களின் எடையைவிட அவை ஒன்றையொன்று பற்றும் கவர்ச்சி மேலோங்குவதால், அது செங்குத்தாகவும் நிற்கும், கட்டிகட்டியாகவும் உடையும்; அத்தகைய தூளால் மலைச்சரிவு செய்ய முயல்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

வலிமை நமக்கு உதவும் விதத்தை முதலில் விளக்கியவர் கலீலியோ. 1638ஆம் ஆண்டில் லெய்டன் நகரத்தில் வெளியான தம் இறுதி நூலில், உருவம் பெருகும்போது எடை கனஅளவைப் பின்பற்றி வளர, அதைத் தாங்கும் வலிமையோ குறுக்குவெட்டின் பரப்பை மட்டும் பின்பற்றி வளர்கிறது என்று அவர் நிறுவினார். இதை நம் மேசைக்குப் பொருத்திப் பார்ப்போம். 15 சென்டிமீட்டர் உயரத்தில், பென்சில் பருமனுள்ள காம்பின்மேல் விரிந்த குடையுடன் ஒரு காளானைச் செய்கிறோம். அதை அறுபது மடங்கு பெருக்கினால் ஒன்பது மீட்டர் உயரமாகும். எடை 2,16,000 மடங்காகும். காம்பின் குறுக்குவெட்டோ 3,600 மடங்குதான். காம்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் அறுபது மடங்கு பாரத்தைச் சுமக்கவேண்டும்; மெத்தென்ற காளான் சதை நசுங்கிப்போகும். மேசைமேல் அந்தத் தொல்லை இல்லை. அந்தரத்தில் தொங்கும் தீவும், ஊசிமுனைக் கோபுரமும், தூணில்லாத நெடும்பாலமும் ஒரு மெல்லிய கம்பியை உள்ளே செருகிய மாத்திரத்தில் அமைதியாக நிற்கின்றன. மாயாலோகத்துக் கட்டடக்கலை முழுவதும் இந்த ஒரு நியதியின் சலுகையால் வாழ்கிறது.

ஆயினும் இயற்கை தன் இளமையில் இத்தகைய கற்பனையை ஒருமுறை மெய்யாகவே முயன்று பார்த்திருக்கிறது. ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன், மரங்கள் இன்னும் ஓங்கி வளராத பூமியில், எட்டு மீட்டர் வரை உயர்ந்த தூண்களாக ஓர் உயிரினம் நின்றது. 1859இல் அதன் புதைபடிவத்திற்குப் புரோட்டோடாக்சைட்டீஸ் என்று பெயரிட்ட கனடா நாட்டு டாசன், அதை ஊசியிலை மரமென்றே எண்ணினார். பிற்காலத்தவர் பலர் அது பூஞ்சை என்றனர். இரண்டுமன்று, அழிந்தொழிந்த தனி வம்சம் என்போரும் உளர். குடையில்லாத அந்த நெடுந்தூண்களை, நம் கலைஞர்கள் தங்கள் காளான் வனங்களில் ஏன் இன்னும் மிகுதியாக நடுவதில்லை என்று நான் நினைப்பதுண்டு.

பொருளின் தேர்விலும் கண்ணின் எல்லையே தீர்ப்பளிக்கிறது. நாம் எல்லோரும் அறிந்த வெள்ளைத் தெர்மாகோல், 98 சதவீதம் காற்றே. பாலிஸ்டைரீன் மணிகள் ஆவியில் பலமடங்கு உப்பி ஒன்றோடொன்று ஒட்டியதால் உருவானது. அதை அறுத்தால் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள மணிகள் வெளிப்படும். அறுபது மடங்கில் அவை தலையளவு உருண்டைகள். எந்த மலையும் அப்படி இருப்பதில்லை. அதே பாலிஸ்டைரீனை உருக்கி, நுரைக்கச்செய்து, அச்சுவாய் வழியே தள்ளிச் செய்யும் பலகை வேறு வகை. மேலை நாடுகளில் வீட்டுச் சுவர்களுக்குள் குளிர்காப்பாகப் பதிக்கும் நீல, இளஞ்சிவப்புப் பலகைகள் இவையே. இவற்றின் நுரையறைகள் கண்ணின் எல்லையைத் தொட்டும் தொடாமலும் இருப்பதால், கத்தி எந்த உருவத்தைக் கொடுத்ததோ அந்த உருவம் மட்டுமே தெரிகிறது. பலகை செய்வோர் இதைப் பொன்போலப் போற்றுவது நியாயமே.

பாலிஸ்டைரீன் ஏறக்குறைய 100 டிகிரி வெப்பத்தில் இளகத் தொடங்கும். எனவே மின்சாரத்தால் சூடேறிய நிக்ரோம் கம்பி அதனூடே தடையின்றிச் செல்கிறது. ஆனால் கம்பி செந்நிறமாகும் அளவுக்குச் சூடேறினால், பொருள் இளகுவதோடு நில்லாமல் சிதைந்து ஸ்டைரீன் ஆவியை வெளியிடும். அந்த ஆவியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2018இல் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் உயர்த்தி வைத்தது. ஜன்னலைத் திறந்து, சூட்டைக் குறைத்து, நிதானமாக வெட்டுவதே விவேகம். இன்னொரு பகைவனும் உண்டு. தெளிப்பான் டப்பாவில் வரும் வர்ணங்களில் அசிட்டோன், டொலுவீன் முதலான கரைப்பான்கள் இருக்கும். டொலுவீனின் மூலக்கூறிலும் பாலிஸ்டைரீனின் சங்கிலியிலும் ஒரே வகை கரிவளையம் இருப்பதால், ஒன்றையொன்று எளிதில் ஏற்றுக்கொள்ள, பலநாள் செதுக்கிய மலை சில நொடிகளில் உருகிக் குழிந்துவிடும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில், அதாவது பாலிவினைல் அசிடேட்டில், கறுப்பு அக்ரிலிக் வர்ணத்தைக் குழைத்து முதலில் முழுவதும் பூசிவிடுவது இதற்குக் கவசம். நுரைக்கு உறுதியும், இடுக்குகளுக்கு இருளும் அந்த ஒரே பூச்சில் கிடைத்துவிடுகின்றன.

நீர், சிறிதாக மறுக்கும் பொருள்களில் தலைமையானது. நீர்ப்பரப்பில் புவியீர்ப்பும் பரப்பு இழுவிசையும் ஓயாமல் போட்டியிடுகின்றன, ஏறக்குறைய 2.7 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அளவில் ஈர்ப்பு வெல்கிறது, அதற்குக் கீழே இழுவிசை வெல்கிறது. இந்த எல்லைக்கோட்டை நாம் மேசைக்காக மாற்றியமைக்க இயலாது. மேசையின் ஆற்றில் மெய்யான நீரை ஊற்றினால், கரையோரத்தில் அது குழிந்து ஏறும். சிந்திய துளி மூன்று மில்லிமீட்டர் உருண்டையாக, அதாவது வீரனின் கணுக்காலுக்கு மேலே எட்டும் பதினெட்டு சென்டிமீட்டர் உருண்டையாக நிற்கும். அலைகளின் காலமும் பொருந்தாது. அறுபதில் ஒரு பங்கு நீளமுள்ள அலை, ஈர்ப்பின் கணக்குப்படி, ஏறக்குறைய எட்டு மடங்கு விரைவாக எழுந்து தணியும். சினிமாவில் சிறிய கப்பல்களைப் படமெடுப்போர் காமிராவை வேகமாக ஓட்டி, படத்தை மெதுவாகக் காட்டுவது இதை ஈடுசெய்வதற்கே. நவராத்திரிக் கொலுவில் குளத்துக்கு நீர் வைக்காமல் முகம்பார்க்கும் கண்ணாடியைப் பதித்து, அதன் ஓரத்தை மணலால் மறைக்கும் நம் வீட்டுப் பெண்களின் கைத்திறன், இந்தச் சிக்கலுக்குக் கண்ட மிக எளிய தீர்வு. அசையாத நீரின் இயல்பில் பிரதிபலிப்பு ஒன்றே சிறிதாக்கத் தக்கது என்பதை அது சரியாகப் பற்றிக்கொண்டது.

பலகைக் கலைஞர்கள் கண்ணாடிக்குப் பதிலாக எப்பாக்ஸி பிசினை ஊற்றுகிறார்கள். இங்கே நிறத்தைப் பற்றிய ஒரு நுட்பம் வருகிறது. நீர் சிவப்பொளியைச் சிறிது சிறிதாக உறிஞ்சுவதால்தான் ஆழமான நீர் நீலமாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த உறிஞ்சல் மீட்டர்க் கணக்கில்தான் கண்ணுக்குத் தெரியும். மேசையின் ஆறு ஐந்து மில்லிமீட்டர் ஆழம். அத்தனை மெல்லிய படலத்தில் நீர் நீராகவே நிறமற்றிருக்கும். எனவே, ஒளி செல்லும் பாதை அறுபதில் ஒன்றாகக் குறைந்ததற்கு ஈடாக, நிறத்தின் செறிவை அதே அளவுக்கு உயர்த்தவேண்டும்: பிசினில் சாயம் கலக்கவேண்டும், அல்லது ஆற்றின் படுகையையே கரையோரம் வெளிறலாகவும் நடுவில் கருநீலமாகவும் தீட்டிவைக்கவேண்டும். இரண்டையும் சிறிது சிறிதாகச் செய்வது மிக அழகு. பிசினை ஒரேமூச்சில் ஊற்றலாகாது; இறுகும்போது அது வெப்பத்தை வெளியிடும்; தடித்த படலத்தில் அவ்வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, பிசினையும் வெடிக்கச்செய்து, கீழேயுள்ள நுரையையும் இளக்கிவிடும். மெல்லிய படலமாக ஊற்றி, இறுகியபின் அடுத்ததை ஊற்றுவதற்குப் பொறுமை வேண்டும்.

புல்லை நடுவதற்கு மின்சாரம் வேண்டும். இரண்டு முதல் ஆறு மில்லிமீட்டர் நீளமுள்ள நைலான் இழைகளை வெறுமனே தூவினால் அவை படுத்துவிடும். பசை பூசிய பலகையில் ஓர் ஆணியைக் குத்தி மின்கலக் கருவியின் ஒரு முனையோடு இணைத்து, இழைகள் உள்ள சல்லடையை மறுமுனையாக்கி, இடையே பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தை உண்டாக்கினால், ஒவ்வோர் இழையும் மின்னேற்றம் பெற்று, மின்புலக் கோட்டின் வழியே நிமிர்ந்தபடியே பறந்துவந்து பசையில் நாட்டிக்கொள்கிறது. மின்னோட்டம் மிகச் சொற்பமாதலின் இத்தகைய கருவிகளால் பெரும்பாலும் அபாயமில்லை. ஆனாலும் முனைகளைத் தொடாதிருப்பதே நலம்.

வெளியுலகத்துச் சூரியன் வானில் அரைப் பாகையே விரிந்த சிறு வட்டம். அதனால் அதன் நிழல்கள் கூர்மையானவை. நம் அறையிலுள்ள நான்கடிக் குழல்விளக்கோ, ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் 40 பாகைக்கும் மேல் விரிந்திருக்கிறது. எல்லாப் பக்கமும் பரவிய அந்த ஒளியில் பாறையின் நிழல் மங்கிக் கரைந்துவிடுவதால், மேசைமேல் உள்ள மலை தட்டையாகத் தோன்றும். இதற்காகவே நிழலையும் வெயிலையும் தூரிகையால் தீட்டவேண்டியிருக்கிறது. மிகவும் நீர்த்த கருவர்ணத்தைப் பரப்பினால், அது நுண்புழைக் கவர்ச்சியால் பிளவுகளுக்குள் ஓடித் தங்கி நிழலாகும். பின்னர் வெளிறிய வர்ணத்தைத் தோய்த்து, துணியில் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்துவிட்ட தூரிகையால் மேலாக வருடினால், மேடுகளின் முனைகள் மட்டும் வர்ணத்தைப் பற்றிக்கொண்டு வெயிலாகும். முதல் முறையில் ஓர் இடையூறு உண்டு: தட்டையான இடத்தில் தேங்கிய வர்ணம் உலரும்போது, ஓரத்தில் கறை வளையம் படியும். மேசையில் சிந்திய காப்பியும் இப்படியே வளையமாகக் காய்கிறது. துளியின் ஓரம் நகராமல் ஒட்டிக்கொள்வதாலும், அங்கே ஆவியாகும் நீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் ஓரத்தை நோக்கி ஓடித் துகள்களைச் சுமந்துசெல்வதாலும் இது நேர்கிறது என்று சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 1997இல் விளக்கினர். தேங்கிய வர்ணத்தை உலருமுன் ஈரத் தூரிகையால் ஒற்றியெடுப்பதே போதிய பரிகாரம்.

வர்ணங்களின் தேர்வில் முதல் ஆசான் ஷெவ்ரல். பாரிஸ் நகரத்துக் கோப்ளன் திரைச்சீலைத் தொழிற்சாலையில் சாயப்பகுதியின் அதிபராக இருந்த அந்த ரசாயன நிபுணர், கறுப்புச் சாயம் சோபையற்றிருக்கிறது என்று வந்த முறையீட்டை ஆராய்ந்து, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்திலுள்ள நிறங்களே கறுப்பின் தோற்றத்தை மாற்றுகின்றன என்று கண்டறிந்தார்; 1839இல் தம் பெருநூலையும் வெளியிட்டார். ஒன்றுக்கொன்று எதிரான நிறங்களை அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் உயர்ந்து ஒளிரும் என்பது அவர் கண்ட நியதியின் ஒரு பகுதி. ஊதாப் பாறையின் அடியில் மஞ்சட்பாசியும், நீலப் பனிக்கட்டியின் அருகே செம்மஞ்சட்புல்லும் அவ்வளவு அழகாக இருப்பது இதனாலேயே. ஆனால் எல்லா இடத்திலும் எல்லா நிறமும் முழுவீச்சில் இருந்தால், போட்டியில் எதுவும் வெல்லாது, வீரர்களும் அந்தக் கூட்டத்தில் காணாமற்போவார்கள். தரையைச் சற்று அடங்கிய நிறமாக்கி, சிறு பரப்புகளில் மட்டும் தீவிரமான நிறத்தை வைப்பதே நன்று என்பது என் அபிப்பிராயம்.

அழகைவிட நான் வற்புறுத்த விரும்புவது காரணத்தை. அமெரிக்காவில், யெல்லோஸ்டோன் வனத்தில், கிராண்ட் பிரிஸ்மாட்டிக் என்ற வெந்நீர் ஊற்று ஒன்று ஏறக்குறைய நூறு மீட்டர் அகலத்தில் இருக்கிறது. நடுவில் ஆழ்ந்த நீலம், அதைச் சுற்றிப் பச்சை, பின்பு மஞ்சள், பின்பு செம்மஞ்சள், கடைசியில் செம்பழுப்பு. எந்தக் கற்பனைக் கலைஞனும் இதைவிடத் துணிச்சலான வர்ணத்தைத் தேர்ந்ததில்லை. ஆயினும் அதில் ஒரு வளையமும் காரணமின்றி இல்லை. நடுவில் நீர் உயிர்கள் பெரும்பாலும் தங்கமுடியாத கொதிப்பாக இருப்பதால் தெளிந்து ஆழ்ந்து நீலமாகிறது. வெளியே செல்லச்செல்ல நீர் ஆற, அந்தந்த வெப்பநிலையில் வாழத் தகுந்த நுண்ணுயிர்கள் அந்தந்த வளையத்தில் தங்கள் நிறமிகளோடு குடியேறியிருக்கின்றன. கோடைக்காலத்தில் கரோட்டினாய்டு நிறமிகள் மிகுந்து செம்மஞ்சள் ஓங்கும். குளிர்காலத்தில் பச்சை தலைகாட்டும். அறுபதில் ஒரு பங்காக்கினால் இந்த ஊற்று நம் ஆறடி மேசையின் நீளத்தை ஏறக்குறைய நிறைத்துவிடும். இதைவிடச் சிறந்த முன்மாதிரி எங்கே கிடைக்கப்போகிறது?

இலைகள் பச்சையாக இருப்பதும் ஒரு காரணத்தால் விளைந்ததே. பச்சையம் நம் சூரியனின் சிவப்பையும் நீலத்தையும் பெரும்பாலும் உண்டு, பச்சையில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. மங்கிய செவ்விண்மீன்களைச் சுற்றும் கோள்களில் தாவரங்கள் இருக்குமாயின், கிடைக்கும் சொற்ப ஒளியையெல்லாம் விழுங்கவேண்டி அவை கறுப்பாகவே இருக்கலாம் என்று நாசா நிறுவனத்தைச் சேர்ந்த நான்சி கியாங் கணித்துக் கூறியிருக்கிறார். ஆகவே, உங்கள் உலகத்தில் கருநிறப் புல்வெளியை விரும்பினால், அதற்குமேல் செந்நிற வெயிலையும் தீட்டுங்கள். பாறைமுனைகளை வெள்ளையால் வருடாமல் இளஞ்செம்மையால் வருடுங்கள். ஊதாப்பாசி வேண்டுமாயின், அது நீரோடையின் கரையில் செறிந்து, மேட்டில் ஏற ஏற நலிந்து, உச்சியில் இல்லாமற்போகட்டும். தரையின் புழுதி எந்த நிறமோ, அந்நிறம் சுவர்களின் அடியிலும், பாலத்தின் தூணிலும், வீரர்கள் நிற்கும் அடிவட்டிலும் சிறிதளவு படிந்திருக்கட்டும். ஆறு பலகைகளையும் எப்படி மாற்றி அடுக்கினாலும், அவை ஒரே பூமியின் துண்டுகளாகத் தோன்றுவதற்கு இந்தப் புழுதி ஒன்றே பெரிதும் துணைசெய்கிறது.

கடைசிப் பணி மெருகைப் போக்குவது. அக்ரிலிக் வர்ணமும் பசையும் உலர்ந்தபின் மெல்லிய பளபளப்பைத் தரும். அறுபது மீட்டர் தூரத்து மண்ணும் கல்லும் அவ்வாறு பளபளப்பதில்லையாதலால், அந்த ஒரு மினுக்கமே மலையைப் பொம்மையாக்கிவிடும். மங்கல் வார்னிஷில் மிதக்கும் நுண்ணிய சிலிக்காத் துகள்கள், உலர்ந்த பரப்பை ஒளியலையின் நீளத்தைவிடச் சற்றே பெரிய மேடுபள்ளங்களாக்கி, விழும் ஒளியை ஒரே திசையில் திருப்பாமல் எல்லாத் திசையிலும் சிதறச்செய்கின்றன. தெளிப்பானில் வருவதைத் தவிர்த்து, நீரில் கரைவதைத் தூரிகையால் இருமுறை பூசினால் போதும். நீருக்கும் பனிக்கட்டிக்கும் படிகக் கற்களுக்கும் மட்டும், இது நன்றாகக் காய்ந்த மறுநாள், பளபளப்பான வார்னிஷைத் தனியே பூசவேண்டும். முறை மாறி, பளபளப்பின்மேல் மங்கல் படிந்துவிட்டால், ஆறு மூடுபனி படர்ந்ததுபோல் வெளிறி நிற்கும், மறுபடியும் மெருகேற்றவேண்டியதாகும்.